பிடியரிசியும் பத்துப் பேரும்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போகும் பேருந்தில் ஊர் வருவதற்கு முன்பே அதன் ஒரு தொழில் தெரிந்துவிடும். அரிசி ஆலைகளின் புழுங்கல் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு தொழிலுக்கு வாடை கிடையாது. கடைத்தெருவில் இறங்கிப் பக்கத்துச் சந்துகளில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து வரும் தறிச் சத்தம்தான் அதன் அடையாளம். ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ‘ஆரணி ரோடு’ என்ற நிலையத்தில் இறங்கினால் அது ஆரணி இல்லை, களம்பூர். அங்கிருந்து மறுபடி பேருந்து பிடிக்க வேண்டும்.

ஆரணிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது புடவைக்காக. காஞ்சிபுரத்துப் பட்டைவிட எடை குறைவு, விலையும் அப்படியே. 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சரித்திரம் படித்தவர்கள் கோட்டை மைதானத்துக்கு வருவார்கள். 1751இல் கிளைவும், 1782இல் ஐதர் அலியின் படையும் போரிட்ட ஊர் இது. எனக்கு இரண்டிலும் அக்கறை குறைவு. 1940களிலிருந்து 1960கள் வரை இந்த ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில் சிறு சபைகள் எப்படிப் பிழைத்திருந்தன என்று பார்க்க வந்தேன். பெருங்கோயில்களுக்குத் தலபுராணம் உண்டு, கல்வெட்டு உண்டு, மானியம் உண்டு. முப்பது வீடு சேர்ந்து நடத்தும் ஒரு ஜெபக்கூடத்துக்கும், இருபது வீட்டுச் சமணர் கோயிலுக்கும் யார் வரலாறு எழுதுகிறார்கள்? அவை இருப்பதே ஒரு கணக்கில்தான். எத்தனை தலை, எத்தனை படி நெல், விளக்கெண்ணெய்க்கு யார், வாத்தியார் சாப்பாட்டுக்கு யார் என்ற கணக்கு.

நெசவுத் தெருக்களில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலைத் தேடிப் பயனில்லை. சௌராஷ்டிரர்களும் செங்குந்தர்களும் மற்ற நெசவுச் சாதியாரும் வாழும் தெருக்கள் அவை. மார்கழியில் பஜனை, புரட்டாசியில் பெருமாள், அமாவாசைக்குத் தறி ஓய்வு. மிஷன் இந்தப் பட்டணத்துக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. தறிக்குழியிலிருந்து எழுந்து அதன் பின்னால் போனவர்கள் சொற்பம். போனவர்கள் சேரிக்காரர்கள். ஆகவே பட்டணத்தில் ஒரு தலைமைக் கோயில், பள்ளிக்கூடம், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள். மீதிச் சபையெல்லாம் கிராமங்களில், அதுவும் கிராமத்தின் ஒதுக்குப்புறத்தில்.

அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஆற்காட்டு மிஷன் 1853இல் அமைந்தது. அமைத்தவர்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கடர் சகோதரர்கள் மூவர். இவர்களுடைய அப்பா ஜான் ஸ்கடர் 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர். வேலூர் ஆஸ்பத்திரி என்றதும் எல்லோருக்கும் நினைவு வரும் ஐடா ஸ்கடர் இவருக்குப் பேத்தி. மூத்த ஸ்கடர்களுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் கட்டுவதில் ஆர்வமில்லை; தெருமுனையில் நின்று தமிழில் பேசுவதுதான் வேலை என்று நினைத்தார்கள். கேட்டவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக, தெரு தெருவாகச் சேரிகளிலிருந்து வந்தார்கள். தனியாள் ஒருவன் வந்து நின்றால் மிஷன் தயங்கியது. இரண்டு மூன்று குடும்பமாவது சேர்ந்து வந்தால்தான் அங்கே ஒரு சபை நிற்கும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் விக்கிரகத்தை விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னக் கூடாது. இந்த மூன்றில் மிகவும் கடினமானது எது என்று கேட்டால் நான் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன். அன்றாடம் கூலி வாங்கும் ஒருவன் வாரத்தில் ஒரு நாள் வயலுக்கு வர மாட்டேன் என்று நிலக்காரரிடம் சொல்வது லேசான காரியமில்லை. அறுப்புக் காலத்தில் அதைச் சொல்லி அடி வாங்காமல் வீடு திரும்புவது அதைவிடக் கடினம்.

கிராமத்தில் கோயில் என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. ஒரு மண்சுவர்க் கூரைக் கொட்டகை. பகலில் பள்ளிக்கூடம், ராத்திரியில் கோயில். மணிக்குப் பதில் மரக்கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டு. பகலில் அரிச்சுவடி சொல்லித் தரும் வாத்தியாரேதான் ராத்திரியில் உபதேசியார். நோயாளிக்கு மருந்து எழுதி வாங்கித் தருவது, நோட்டு எழுதிக் கொடுப்பது, தாசில்தாருக்கு மனு எழுதுவது, புருஷன் பெண்சாதி சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர் தலையில். முறையாகக் குருப்பட்டம் பெற்ற ஐயர் ஒருவருக்குக் குருசேகரம் முழுவதும் பத்து இருபது கிராமம் இருக்கும். அவர் மாதம் ஒரு முறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சைக்கிளிலோ மாட்டு வண்டியிலோ வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். சபையைத் தினமும் தாங்கியவர் வாத்தியார். அவர் மனைவியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தையல் சொல்லிக் கொடுத்ததும், பிள்ளைப்பேறு பார்க்கத் துணைக்குப் போனதும், பெண்களைப் பாட வைத்ததும் அந்த அம்மாள்தான். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததில்லை.

ஆரணிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், தொண்ணூறை நெருங்கும் பெரியவர் ஒருவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். வழக்கமாகக் கோயில் என்றால் காலை. ஏன் உங்களுக்கெல்லாம் ராத்திரி ஜெபம்?

“பகல்ல கோயிலுக்கு வந்தா கூலி யாரு குடுப்பாங்க சார்? பொழுது சாஞ்சி, மாட்டக் கட்டி, கஞ்சி குடிச்சிட்டு வந்தாதான் கோயிலு. பாதிப் பேரு பாட்டுக்கே தூங்கிடுவாங்க. உபதேசியாரு எழுப்ப மாட்டாரு. வந்தானே, அதுவே போதும்னுவாரு.”

சபையின் வரவு பிடியரிசி. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்கு வரும். வாத்தியார் வீட்டு அடுப்பு எரிந்தது பாதி அதில்தான். இந்த வழக்கம் தென்னிந்தியச் சபைகளில் பரவலாக உண்டு; அரிசிக்கே அல்லாடும் வீட்டிலும் அது விடாமல் நடந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. காசுக் காணிக்கை ஆண்கள் கையில் இருந்தது. பிடியரிசி முழுக்கப் பெண்களின் ராஜ்ஜியம். வீட்டில் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத செலவு அது ஒன்றுதான் என்று ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்.

வருஷத்துக்கு ஒரு முறை பெரிய வரவு அறுப்பின் பண்டிகை. அறுவடை முடிந்த கையோடு ஒரு ஞாயிறு. கோயிலுக்கு முன்னால் பந்தல், மாவிலைத் தோரணம். கால் நடையாக வந்த கிராமங்கள் தத்தம் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் குவிக்கும். நெல், கேழ்வரகு, வேர்க்கடலை, பூசணி, வாழைத்தார், கால் கட்டிய சேவல், ஓர் ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் ஏலம். இந்த ஏலத்தைக் காணாதவர்களுக்கு அதன் தர்மம் புரியாது. ஒரு முட்டையை இரண்டு அணாவுக்கு ஒருவர் எடுப்பார். எடுத்தவர் அதையே மறுபடி கோயிலுக்குக் கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம். நாலைந்து கை மாறிய பிறகு அந்த முட்டையின் விலையில் ஒரு கோழியே வாங்கியிருக்கலாம். ஏலம் விடுகிறவர் ஊரிலேயே வாய்த்துடுக்கான ஆளாக இருப்பார். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று நிறுத்திவிட்டு, போன வருஷம் இதே பூசணிக்கு மாமனார் கொடுத்த விலையைச் சொல்லி மருமகனைப் பார்ப்பார். மூன்றாம் தரம் சொல்வதற்குள் மருமகன் ஏற்றியிருப்பான். வருஷம் முழுவதும் வயலில் இன்னொருவன் விலை சொல்லக் கேட்டு நின்றவர்கள், அந்த ஒரு நாள் தாங்களே விலை வைத்தார்கள். இந்த ஏலத்தில் நன்றிக்காணிக்கைக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

சேவலும் முட்டையும் இந்த வட்டாரத்துச் சபைகளில் அத்தனை முக்கியமானதற்கு இன்னொரு காரணம் உண்டு. மிஷன் காட்பாடியில் நடத்திய வேளாண் பள்ளியில் ஜான் தெ வால்வா என்ற வேளாண் நிபுணர் இருந்தார். நாட்டுக்கோழி சின்ன முட்டை இடுகிறது, அதுவும் குறைவாக இடுகிறது என்று பார்த்தவர், வெள்ளை லெகார்ன் சேவல்களைக் கிராமங்களுக்குக் கொடுத்து இனம் கலக்க வைத்தார். நிலம் இல்லாதவனுக்கும் நாலு கோழி இருக்கலாம் என்பது அதன் சூட்சுமம். அவர் மனைவி பெர்னடைன் மருத்துவர். சாலையோரங்களில் மருந்து வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தவர். பிரசங்கங்களைவிட இந்தக் கோழிகள்தான் ஊரில் அதிகம் நினைவில் இருக்கின்றன என்று சொன்னால் ஐயர்மார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், 1908 முதல் ஒன்றாயிருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், சீர்திருத்தச் சபைகள் எல்லாம் ஒரே குடை. உலகச் சபை வரலாற்றில் இது பெரிய சம்பவம். பிஷப்பே இல்லாத மரபுக்காரர்களும் பிஷப் மரபுக்காரர்களும் ஒன்றாவது அதுவரை நடக்காதது. ஆரணிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அதன் பொருள் சுருக்கமானது. அமெரிக்க ஐயருக்குப் பதில் சென்னை பிஷப். முதல் பிஷப் மைக்கேல் ஹாலிஸ், 1955இலிருந்து டேவிட் செல்லப்பா. நெடுங்காலம் கழித்து 1976இல்தான் வேலூர் தனிப் பேராயமாயிற்று.

இந்தக் கிராமத்துச் சபைகளை உலுக்கியது வேறொரு தாள். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணை. இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைச் சேர்ந்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. சேரியில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பியில் ஒருவனுக்குச் சலுகை உண்டு, ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு இல்லை. தேநீர்க் கடையில் இருவருக்கும் ஒரே தகரக் குவளை. நிலக்காரர் இருவரையும் ஒரே பேரால்தான் கூப்பிட்டார். அரசாங்கம் மட்டும் வித்தியாசம் கண்டது. விளைவு, பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் கோயில் பதிவேட்டில் இன்னொரு பெயருமாக ஒரு தலைமுறை வளர்ந்தது. வீட்டில் தேவசகாயம், சான்றிதழில் வேறு. இதைப் போலித்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. பசித்த வயிற்றோடு மனுப் போட்டுப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். குடிக்கணக்கு எடுக்க வந்தவரிடம் சபை தன்னைத் தானே குறைத்துச் சொல்லிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பாய் நிறைந்துதான் இருந்தது.

ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டு. வயல்களுக்கு நடுவே லூர்து அன்னை ஆலயம் நிற்கிறது. பிரெஞ்சு நாட்டு ஊர் ஒன்றைப் பெயர்த்து நட்டதுபோல முதலில் தோன்றும். கிட்டே போனால் சுண்ணாம்பும் செங்கல்லும் நம் கொத்தனார் கைவேலை. கட்டியவர் தார்ராஸ் அடிகளார் என்ற பிரெஞ்சு மிஷனரி. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார்; கஞ்சிக்கு வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பஞ்சம் போனது, கோயில் நின்றது. பிப்ரவரி 11ஐ ஒட்டி வரும் மாதா திருவிழாவுக்கு எல்லாச் சாதிக்காரர்களும் மெழுகுவத்தியோடு வருகிறார்கள், தேர் இழுக்கிறார்கள். கத்தோலிக்கர்களின் ஊர் வாழ்க்கை புராட்டஸ்டண்டுகளிடமிருந்து இதில்தான் பிரிகிறது. அங்கே ஏலம், பாட்டு, பிரசங்கம். இங்கே சப்பரம், கும்பிடு, மொட்டை, பொங்கல். நடுநூற்றாண்டில் இரண்டு தரப்பாரும் ஒருவர் கோயில் வாசலை ஒருவர் மிதிக்காத காலம் இருந்தது. ஒரே தெருவில் பெண் கொடுத்து எடுக்கத் தகராறு. இன்றைக்கு அந்த வம்பைச் சொன்னால் இளசுகள் நம்புவதில்லை.

கோயிலில் கலந்து உட்கார்ந்தார்களா என்று கேட்பவர்களுக்கு: ஆற்காட்டு மிஷன் ஆரம்பத்திலிருந்தே சாதியைச் சபைக்குள் விட மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றது. அந்தப் பிடிவாதத்தின் பலன் பாராட்டத்தக்கது. அதில் ஒரு சௌகரியமும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லோரும் ஒரே சேரியிலிருந்து வந்தவர்களாயிருக்கும்போது கலப்பது சுலபம்.

இனிச் சமணர்களைப் பார்க்க வடக்கே. ஆரணியிலிருந்து ஆற்காடு போகும் சாலையில் பட்டணத்தைத் தாண்டியதும் பூண்டி. சாலையோரத்தில் மதிலுக்குள் ஓர் அருகர் கோயில், மூலவர் பொன்னெழில்நாதர். சம்புவராயர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கோயில் அது. போளூர்ப் பக்கம் திருமலையில் குன்றின் மேல் பதினாறு அடி உயர நேமிநாதர். அடிவாரத்தில் ராஜராஜனின் அக்காள் குந்தவை பெயரில் ஜினாலயம். கிழக்கே வந்தவாசிக்குப் பக்கத்தில் பொன்னூர் மலை, குந்தகுந்தர் பாதம். அந்தப் பக்கம் திண்டிவனம் அருகே மேல்சித்தாமூர் மடம். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி சமணர்கள் சுமார் 89 ஆயிரம். அதில் வடக்கிலிருந்து வந்த வியாபாரக் குடும்பங்களைக் கழித்தால் மிஞ்சும் தமிழ்ச் சமணர்கள், நயினார்கள், பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான். சிலப்பதிகாரமும் சீவகசிந்தாமணியும் நாலடியாரும் எந்தப் பரம்பரையின் சொத்து என்று தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்கிறார்கள். அந்தப் பரம்பரை இன்றைக்கும் நெல் விற்று, பஸ் ஏறி, பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் தேடுகிறது என்பதைச் சொல்வதில்லை.

நயினார்கள் நிலம் வைத்திருந்தவர்கள். கோயில் இருப்பது ஊருக்கு நடுவே, சொந்த அக்கிரகாரம் போன்ற தெருவில். பூசைக்கு உபாத்தியாயர் என்ற குடும்பங்கள் தனியாக உண்டு. அவருக்குக் கோயில் நிலத்திலிருந்து நெல். இங்கே பிடியரிசிக்கு அவசியமில்லை. அவர்களுடைய நாட்கணக்கு அஷ்டமி, சதுர்த்தசி விரதம். மகாவீரர் முக்தி அடைந்த நாளாகத் தீபாவளி. கிழங்கு வகை விலக்கு. எல்லாவற்றிலும் வெளியாள் கண்ணில் முதலில் படுவது, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிப்பது. விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரியக் கூடாது. விளக்கில் விழும் பூச்சி உணவில் விழும், உயிர்க்கொலை ஆகும். ஐந்து ஐந்தரைக்கு நயினார் வீட்டில் இலை எடுத்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு வரும் மற்ற சாதி விருந்தாளிகளுக்கு இது பெரிய சோதனை. மத்தியானம் தின்றது செரிப்பதற்குள் அடுத்த பந்தி.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்தேன். நயினார் கை கழுவிவிட்டுத் திண்ணையில் சாயும் அதே நேரத்தில்தான் அவர் வயலில் இருந்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு சேரிக்குத் திரும்பியிருப்பான். அவனுக்கு அன்றைய முதல் முழுச் சாப்பாடு இருட்டிய பிறகு; அதற்கும் பிறகு ஜெபம். ஒருவருடைய தர்மம் சூரியனோடு முடிந்தது, இன்னொருவருடையது அரிக்கேன் விளக்கோடு தொடங்கியது. சமணரின் இரவு உண்ணாமை அகிம்சையிலிருந்து வந்தது, சந்தேகமில்லை. ஆனால் அதைத் தினமும் தவறாமல் கடைப்பிடிக்கப் பகல் தன் கையில் இருக்க வேண்டும். பகலைக் கூலிக்கு விற்றவனால் முடியாது. இருவருடைய வேதமும் சொல்லாத ஒன்றை நிலம் சொல்லிவிட்டது. தென்னாட்டுச் சிறு சபைகளைப் பற்றி நான் படித்தவற்றில் இறையியல் நிறைய, பட்டா சிட்டா குறைவு. எனக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

ஆனால் தாழ்ந்த கூலி கொடுத்த நிலக்காரர்கள் என்ற ஒற்றைச் சித்திரத்தோடு நயினார்களை முடித்துவிட்டால் அநியாயம். நடுநூற்றாண்டுத் தமிழ்ச் சமணத்தின் மிகப் பெரிய பொதுக்காரியம் ஜீவபந்து டி. எஸ். ஸ்ரீபாலுடையது. ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போய், வெட்டுக்கத்தியின் முன்னால் நின்று, கிடாயையும் கோழியையும் விட்டுவிடுங்கள் என்று மன்றாடியவர். அவரும் அவரையொத்தவர்களும் பண்ணிய பிரசாரத்தின் வழியில் சென்னை மாகாணத்தில் விலங்கு, பறவை பலித் தடைச் சட்டம் வந்தது. ஆண்டு மறுபடியும் 1950. சேரிக் கிறிஸ்தவனைக் கைவிட்ட ஆணையும் பலிக்கிடாயைக் காப்பாற்றிய சட்டமும் ஒரே வருஷத்துத் தாள்கள். அரை நூற்றாண்டு தூசி படிந்து கிடந்த அந்தச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு திடீரென்று அமல்படுத்தப் போய், கிராமங்கள் கொதித்தெழ, 2004இல் அதை ரத்தே செய்ய வேண்டியதாயிற்று. குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டுக் கிடாய் வெட்டுகிறவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஸ்ரீபால் மன்றாடினார், அரசாங்கம் வெட்டியவர்களைக் கைது செய்தது. ஜனங்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

கிறிஸ்தவரும் சமணரும் இருக்கிறார்கள், மூன்றாவதாக யூதரைத் தேடினால்? ஆரணியில் யூதர் இருந்ததில்லை. கிராமத்து ஜெப ஆலயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மலை தாண்டிக் கேரளம் போக வேண்டும். நான் போனது கொச்சியின் பெயர்பெற்ற பரதேசி ஜெப ஆலயத்துக்கு அல்ல. பரவூருக்குப் பக்கத்தில் சேந்தமங்கலத்துக்கு. அதுவும் ஒரு நெசவூர். செட்டுமுண்டுக்குப் பேர் போனது, புவிசார் குறியீடு பெற்றது. 2018 வெள்ளத்தில் தறிகள் மூழ்கி, சேறு படிந்த துணியிலிருந்து சேக்குட்டிப் பொம்மைகள் செய்து விற்றார்களே, அந்த ஊர். ஆரணியிலிருந்து போகிறவனுக்குத் தறிச் சத்தம் வீட்டு நினைவைத் தரும். பாவு பருத்தி என்பதுதான் வித்தியாசம்.

ஜெப ஆலயம் சின்னது. ஓடு வேய்ந்த, வெள்ளையடித்த கட்டடம். முன்னால் எபிரேயத்தில் பொறித்த ஒரு கல்லறைக் கல். சாரா என்ற பெண்ணுடையது, 1269ஆம் ஆண்டு. நடக்கும் தூரத்துக்குள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் உண்டு. உள்ளே மாடியில் பெண்கள் பகுதி. கேரள யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள், ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள், பாட்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதிப் பாதுகாத்தார்கள். சிம்ஹத் தோரா பண்டிகைக்கு வேதச் சுருள்களை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு வெளியே வலம் வருவார்கள். விளக்கு வரிசை, பட்டுத் திரை. இந்த வலத்தை நம் ஊர்க்காரர் எவரும் பார்த்தால் பிராகாரம் சுற்றுகிறார்கள் என்றுதான் சொல்வார்.

யூத சபையின் கணக்கு வெகு கறார். வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடாமல் முழுப் பொதுவழிபாடு கிடையாது. ஒன்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தால் பத்தாமவனுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பெருநகரத்தில் இது பிரச்சினையே இல்லை. முப்பது நாற்பது வீட்டுச் சிற்றூரில், இரண்டு பேர் சந்தைக்குப் போய், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் சனிக்கிழமையே தடுமாறும். 1948இல் கேரளம் முழுவதும் யூதர்கள் சுமார் 2,500 பேர்தான். இஸ்ரேல் உருவானதும் முதலில் இளைஞர்கள் புறப்பட்டார்கள், பின்னால் குடும்பங்கள். ஒரு ஊரில் பத்து என்பது ஒன்பதாகக் கூடும் என்ற நிலை வந்ததும் மீதிப் பேர் இருந்து என்ன பண்ணுவது? அதனால்தான் ஒவ்வொருவராகக் கரையாமல் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். மாளாவில் 1955இல் ஜெப ஆலயத்தையும் இடுகாட்டையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வேறு சமயத்து அண்டை வீட்டுக்காரர்களிடம் முன்னோர் எலும்பைப் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போவது என்றால் அந்த ஊரின் மேல் எத்தனை நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைப் பஞ்சாயத்து முழுதாகக் காப்பாற்றியதா என்பதைப் பற்றி அங்கே இன்னும் சர்ச்சை ஓய்ந்தபாடில்லை.

போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நிலம். முட்டையும் கோழியும் மீனும் பலசரக்கும் விற்றுப் பழகிய குடும்பங்கள் நெவாட்டிம் போன்ற வேளாண் குடியிருப்புகளில் இறக்கிவிடப்பட்டு, பாலைவன ஓரத்தில் உழவர்களானார்கள். கொஞ்ச காலம் திண்டாடிப் பிறகு நிமிர்ந்தார்கள். ஆரணிச் சேரிக்காரனுக்கு எந்தத் தேசமும் நிலம் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. அவனும் ஊரைவிட்டுப் போனான்தான்: சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலூர் மருத்துவமனையின் வார்டு வேலைக்கு, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளுக்கு, பள்ளிக்கூடம் படித்த பெண்கள் நர்ஸ் வேலைக்கு. மிஷன் பள்ளிக்கூடம் செய்த காரியம் இது. ஊரைப் படிக்க வைத்தது, படித்தவர்களை ஊரிலிருந்து கிளப்பியது. நயினார்களும் கிளம்பினார்கள், படிப்பும் உத்தியோகமும் தேடி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு. சில சமணக் கிராமங்களில் இன்று உபாத்தியாயர் வீடும் இரண்டு கிழவர் வீடும்தான் தினப் பூசைக்கு ஆள்.

வேதக்கோயில்களின் நிலைமை அதைவிடத் தேவலை. கூரைக் கொட்டகைகள் கான்கிரீட் ஆகிவிட்டன, ஒலிபெருக்கி வந்துவிட்டது, பக்கத்திலேயே பெந்தெகோஸ்தே சபை ஒன்று முளைத்துப் பாதிப் பேரை இழுத்துக்கொண்டும்விட்டது. பிடியரிசி அநேகமாக நின்றுபோயிற்று. ரேஷன் அரிசியில் காணிக்கை எடுப்பதைக் கோயில் விரும்புவதில்லை, கொடுப்பவர்களுக்கும் கூச்சம். ஏலம் மட்டும் விடவில்லை. இப்போது தேதி குறிப்பது வயலைப் பார்த்து இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளுக்கு என்றைக்கு லீவு கிடைக்கும் என்று விசாரித்துக் கமிட்டி முடிவு செய்கிறது. நான் போயிருந்தபோது அதுபற்றித்தான் கோயில் திண்ணையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பந்தல்காரன் முன்பணம் கேட்கிறான். போன வருஷம் வாட்ஸ்அப்பில் ஏலம் கேட்டு வாழைத்தாரை எடுத்த பெங்களூர்ப் பையன் இன்னும் பணம் அனுப்பவில்லை. அவன் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு கட்சி. அவனுடைய அத்தை ஒரு கட்சிக்குத் தலைமை தாங்கினார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் வரையில் அவர் கைதான் ஓங்கியிருந்தது.